நாள் குறிக்காத வாக்குறுதிகள்: அணு ஆயுத ஒழிப்பில் ராஜதந்திர அழுத்தம் எப்போது பலிக்கிறது?

திருச்செந்தூரிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டரில் தூத்துக்குடி. அங்கே ஸ்பிக் உரத் தொழிற்சாலையை ஒட்டி 1978இல் ஒரு கனநீர் ஆலை இயங்கத் தொடங்கியது. தெற்கே கடற்கரைச் சாலையில் மணப்பாட்டையும் உவரியையும் கடந்து போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். வளைகுடாவுக்கு அப்பால் இலங்கை. அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகளை அவற்றின் வாக்கை நிறைவேற்றச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர்களில் சிலர் அந்த நாட்டைச் சேர்ந்தவர்கள். உலக அணு ஆயுத அரசியல் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் மட்டும் நடக்கும் விவகாரம் என்று இந்தக் கரையில் வாழும் நாம் ஒதுங்கிவிட முடியாது.

அணு ஆயுதங்களை ஒழிப்போம் என்று நாடுகள் பல முறை எழுதிக் கையெழுத்திட்டிருக்கின்றன. 1986 வாக்கில் உலகில் ஏறத்தாழ 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. இன்று ஏறத்தாழ 12,000. இது பெரிய குறைவுதான். ஆனால் மிச்சம் இருப்பதே மனித இனத்தை அழிக்கப் போதும். கொடுத்த வாக்கை நிறைவேற்றச் சொல்லி எழுந்த அழுத்தங்களில் எவை பலித்தன, எவை வீணாயின என்பதை எழுபது ஆண்டு வரலாற்றை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாக்கு எங்கே கொடுக்கப்பட்டது?

1968இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்தது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1967 ஜனவரி 1க்கு முன் அணு வெடிப்பு நடத்திய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் அணு ஆயுத நாடுகள். மற்றவை அணு ஆயுதம் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டன. அதற்கு ஈடாக ஐந்து நாடுகளும் கொடுத்த வாக்கு ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில் இருக்கிறது: ஆயுதப் போட்டியை நிறுத்தவும் அணு ஆயுதங்களைக் களையவும் நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்பது அது.

மற்ற நாடுகள் தந்த வாக்கைச் சோதிக்க சர்வதேச அணுசக்தி முகமை இருக்கிறது. அதன் பரிசோதகர்கள் ஆலைக்குள் வருவார்கள், பதிவேட்டைப் பார்ப்பார்கள், கேமரா வைப்பார்கள். ஐந்து நாடுகள் தந்த வாக்குக்கோ நாளும் இல்லை, சோதிப்பவரும் இல்லை, தவறினால் என்ன ஆகும் என்ற விதியும் இல்லை. இந்தியா இதைத் தொடக்கத்திலேயே பாரபட்சம் என்று சொல்லிக் கையெழுத்திட மறுத்தது. அந்த வாதத்தில் இருந்த நியாயம் இன்றும் குறையவில்லை.

1996 ஜூலை 8 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் ஒரு ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. அணு ஆயுதப் பயன்பாடு எல்லாச் சூழலிலும் சட்ட விரோதமா என்பதில் நீதிபதிகள் பிளவுபட்டார்கள். ஆனால் அணு ஆயுத ஒழிப்புக்கான பேச்சைத் தொடங்குவது மட்டும் போதாது, அதை முடித்தும் காட்ட வேண்டும் என்பதில் எல்லா நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். எல்லாச் சூழலிலும் சட்ட விரோதமே என்று தனிக் கருத்து எழுதியவர்களில் இலங்கை நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி முக்கியமானவர்.

மீனவர் படகும் ராஜாஜியின் பயணமும்

அழுத்தத்தின் கதை ஒரு மீன்பிடிப் படகிலிருந்து தொடங்குகிறது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக்கின் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஜப்பானியப் படகின் மேல்தளத்தில் வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். எல்லோரும் கதிர்வீச்சால் நோயுற்றார்கள். வானொலி இயக்குபவர் அந்தச் செப்டம்பரில் இறந்தார். ஜப்பானிய மீன் சந்தைகளில் பீதி பரவியது. தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கும் இயக்கம் எழுந்து, கோடிக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அந்த எழுச்சியின் தொடர்ச்சியாக 1956இல் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர்கள் தொடங்கிய நிஹோன் ஹிதான்கியோ அமைப்புக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பிகினி வெடிப்புக்கு ஒரு மாதம் கழித்து, 1954 ஏப்ரல் 2 அன்று நேரு நாடாளுமன்றத்தில் பேசினார். முழு ஒழிப்பு வரும்வரை சோதனைகளையாவது நிறுத்துங்கள் என்றார். அணு சோதனைத் தடை என்ற கோரிக்கை அரசுகளுக்கிடையிலான பேச்சாக மாற அது வழி திறந்தது.

தமிழ்நாடு மறந்துவிட்ட ஒரு பயணம் அடுத்தது. 1962 செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டனுக்குப் போனார். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவில் அவருடன் ஆர்.ஆர்.திவாகரும் பி.சிவராவும் இருந்தார்கள். அப்போது ராஜாஜி சுதந்திராக் கட்சியின் நிறுவனர், நேருவின் கொள்கைகளை நாள் தவறாமல் எதிர்த்தவர். அணு சோதனையை எதிர்ப்பதில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை. செப்டம்பர் 28 அன்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, சோதனைகளை நிறுத்துங்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி வெடித்து உலகம் அணுப் போரின் விளிம்புக்குப் போய் வந்தது. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் பகுதி சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்றது அது.

ராஜாஜி போனதால்தான் ஒப்பந்தம் வந்தது என்று சொல்வது மிகை. ஜப்பான் மீனவர்களின் துயரம், குழந்தைகளின் பாலில் கதிரியக்கம் கலந்த செய்தி, கியூபாவில் கண்ட பயம் எல்லாம் சேர்ந்து அழுத்தின. ஆனால் தன் நாட்டில் ஆட்சியை எதிர்ப்பவர் ஒருவரே போய்க் கேட்டபோது, அந்தக் கோரிக்கை டில்லி அரசின் தந்திரம் என்று ஒதுக்க முடியாததாயிற்று. ஒரு நாட்டின் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே கோரிக்கையை வைத்தால் அதன் எடை கூடும்.

கொழும்பிலிருந்து வந்த குரல்

1971இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று ஐ.நா.வில் கேட்டார். பொதுச்சபை 1971 டிசம்பர் 16 அன்று தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்குள் வந்திருந்த வாரமும் அதுவே. தீர்மானத்தைச் செயல்படுத்த கொழும்பில் 1981இல் நடக்க வேண்டிய மாநாடு நடக்கவே இல்லை. வல்லரசுக் கடற்படைகள் ஒத்துழைக்காதபோது தீர்மானம் காகிதத்தோடு நின்றது.

இன்னொரு இலங்கைக் குரல் ஜயந்த தனபாலாவுடையது. பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆயுள் முதலில் 25 ஆண்டுதான். அதை நீட்டிப்பதா என்று முடிவு செய்ய 1995இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டுக்குத் தலைவர் அவர். ஆயுதம் இல்லாத நாடுகளின் கையில் அன்று ஒரு பிடி இருந்தது: நீட்டிப்புக்கு அவர்களுடைய ஒப்புதல் வேண்டும். அந்தப் பிடியை வைத்துச் சில வாக்குகளை வாங்கினார்கள். முழுச் சோதனைத் தடை ஒப்பந்தம் 1996க்குள் முடிய வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு கடுமையாக நடக்க வேண்டும், மத்திய கிழக்கை அணு ஆயுதமற்ற மண்டலமாக்க முயல வேண்டும் என்பவை அவை. மே மாதம், ஓட்டெடுப்பே இல்லாமல், ஒப்பந்தம் காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது.

பிறகு நடந்தது பாடம். நாள் குறித்த வாக்கு நிறைவேறியது. முழுச் சோதனைத் தடை ஒப்பந்தம் 1996 செப்டம்பரில் கையெழுத்துக்கு வந்தது. நாள் குறிக்காத மத்திய கிழக்கு வாக்கு நிறைவேறவில்லை. 2015 மறுஆய்வு மாநாடு அதே விவகாரத்தில் உடைந்தது. 2022 மாநாடு, உக்ரைனின் சபோரிஷியா அணுமின் நிலையம் பற்றிய வாசகத்தை ரஷ்யா ஏற்காததால் முடிவின்றிக் கலைந்தது. காலவரையின்றி நீட்டித்த அன்றே ஆயுதமற்ற நாடுகள் தங்கள் கையிலிருந்த பிடியை விட்டுவிட்டன.

கேட்டவரே கேட்கப்பட்டவரான கதை

இந்தியாவின் நிலையை நேர்மையாகப் பார்க்க வேண்டும். கனடா கொடுத்த உலை, அமெரிக்கா கொடுத்த கனநீர் இரண்டும் அமைதிப் பயனுக்கு என்ற உறுதியோடு டிராம்பேக்கு வந்தவை. அந்த சைரஸ் உலையில் உண்டான புளூட்டோனியம்தான் 1974 மே 18 பொக்ரான் வெடிப்பில் பயன்பட்டது. அமைதிக்கான வெடிப்பு என்று இந்தியா சொன்னதை உலகம் ஏற்கவில்லை. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு உருவானதே அதற்குப் பிறகுதான்.

ஆனால் இந்தியாதான் மிகத் தெளிவான ஒழிப்புத் திட்டத்தையும் முன்வைத்தது. 1986 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் டில்லியில் அணு ஆயுதமற்ற, வன்முறையற்ற உலகுக்கான பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். 1988 ஜூன் 9 அன்று ஐ.நா.வின் ஆயுதக் குறைப்புச் சிறப்பு அமர்வில் ராஜீவ் செயல்திட்டத்தை வைத்தார். 2010க்குள், மூன்று கட்டங்களில், எல்லா அணு ஆயுதங்களும் ஒழிய வேண்டும். எல்லா நாடுகளும் கட்டுப்பட வேண்டும். ஆயுதம் செய்யும் திறன் உள்ள நாடுகள் எல்லை தாண்டக் கூடாது, இந்தியா உட்பட. வல்லரசுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று அதே இரு தலைவர்களின் காலத்தில்தான் கூடங்குளம் ஒப்பந்தமும் கையெழுத்தானது.

பத்தாண்டு கழித்து, 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் இந்தியா ஐந்து வெடிப்புகள் நடத்தியது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமும், அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த ஆர்.சிதம்பரமும் முன்னணியில் இருந்தார்கள். தமிழகத்தில் பெருமிதம் பொங்கியது. ஜூன் 6 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1172ஆம் தீர்மானத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் சோதனைகளை நிறுத்த வேண்டும், சோதனைத் தடை ஒப்பந்தத்தில் சேர வேண்டும் என்றது. இந்தியாவின் ஜஸ்வந்த் சிங்குக்கும் அமெரிக்காவின் ஸ்ட்ரோப் டால்போட்டுக்கும் இடையே நீண்ட பேச்சு நடந்தது. இந்தியா கையெழுத்திட மறுத்தது. 1999 அக்டோபர் 13 அன்று அமெரிக்க செனட்டே அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தது. அன்றோடு அமெரிக்க அழுத்தத்தின் முதுகெலும்பு உடைந்தது. தான் செய்யாததைப் பிறரைச் செய்யச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

2008 அழுத்தம் வேறு மாதிரி வேலை செய்தது. அணு வர்த்தகத்துக்கு விலக்கு கேட்டு இந்தியா அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவை அணுகியபோது ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து போன்ற சிறு நாடுகள் தயங்கின. செப்டம்பர் 5 அன்று வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி, இனிச் சோதனை நடத்துவதில்லை என்ற தன்னிச்சையான உறுதியை மீண்டும் பகிரங்கமாகச் சொன்னார். மறுநாள் விலக்கு கிடைத்தது. சிறு நாடுகளும் பெரிய நாட்டிடமிருந்து வாக்கு வாங்க முடியும், தங்கள் கையெழுத்து தேவைப்படும் தருணம் வரை காத்திருந்தால்.

எண்ணிப் பார்க்கும் வேலை

வாக்கைச் சோதிப்பது என்றால் என்ன என்று கூடங்குளத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அங்குள்ள 1,000 மெகாவாட் உலை ஒவ்வொன்றிலும் 163 எரிபொருள் தொகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் இருக்கிறது. ரஷ்யாவிலிருந்து வந்தது எத்தனை, உலைக்குள் போனது எத்தனை, எரிந்து குளத்தில் கிடப்பது எத்தனை என்று கணக்கு ஒத்துப்போக வேண்டும். சர்வதேச முகமையின் பரிசோதகர்கள் முத்திரையையும் கேமராவையும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஒரு தொகுதி காணாமல் போனாலும் கேள்வி வரும்.

இந்தக் கரையின் பழைய வழக்கமும் இப்படித்தான். முத்துக்குளிப்பு அறிவிக்குமுன் தொள்ளாயிரம் பார் போன்ற முத்துப் பார்களில் ஆட்களை இறக்கி, மாதிரிச் சிப்பி எடுத்து, எண்ணி, மதிப்பிட்ட பிறகே சலாபம் எனும் முத்துக்குளிப்பு எப்போது என்று நாள் குறிப்பார்கள். கடலடியில் நிறையச் சிப்பி இருக்கிறது என்ற வாய்ச்சொல்லை நம்பி யாரும் வள்ளத்தை இறக்கியதில்லை.

தூத்துக்குடி கனநீர் ஆலையின் கதை இதற்கு மறுபக்கம். 2006 மார்ச்சில் மன்மோகன் சிங் அரசு, எந்த அணு நிலையங்கள் சிவில், எவை ராணுவம் என்று பிரிக்கும் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்தது. அன்று இயங்கிய, கட்டப்பட்டு வந்த 22 உலைகளில் 14 கண்காணிப்புக்கு வரும் என்றது. தால், தூத்துக்குடி, ஹசீரா கனநீர் ஆலைகள் சிவில் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் அவற்றுக்குக் கண்காணிப்பு பொருந்தாது என்றும் அதே ஆவணம் சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். கனநீரால் ஓடும் உலைகள் புளூட்டோனியம் தருபவை என்பதையும் 1974இன் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும் அண்டை நாட்டுக்கு, அந்த ஒரு வாக்கியம் சந்தேகத்தைத் தீர்க்காது. வாக்கு கொடுக்கும்போது கதவையும் திறந்து காட்டினால்தான் அடுத்தவர் நம்புவார்.

பலித்தவையும் பலிக்காதவையும்

பலித்தவற்றில் மூன்றைச் சொல்லலாம். 1987 டிசம்பர் 8 அன்று ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் 1991 ஜூன் 1க்குள் 2,692 ஏவுகணைகளை அழித்தது. வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்கப் பரிசோதகர்கள் தங்கியிருந்து, வெளியே போகும் பெட்டிகளைச் சோதித்தார்கள். யூட்டாவில் சோவியத் பரிசோதகர்கள் அதையே செய்தார்கள். இரண்டாவது, 1995இல் பிரான்ஸ் முருரோவாவில் மீண்டும் சோதனை தொடங்கியபோது பசிபிக் நாடுகள் கொதித்தன, பல நாடுகளில் பிரெஞ்சுப் பொருள்களை மக்கள் புறக்கணித்தார்கள். எட்டு வரை என்று அறிவித்த பிரான்ஸ் ஆறோடு நிறுத்திவிட்டது, பிறகு அந்தச் சோதனைத் தளத்தையே மூடியது.

மூன்றாவது நம் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்புக்கொண்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் இரு நாடுகளும் அணு நிலையப் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர் நடந்தது, நாடாளுமன்றம் தாக்கப்பட்டது, எல்லை பலமுறை கொதித்தது. பட்டியல் நின்றதில்லை. ஆண்டின் ஒரே நாள், ஒரே வேலை, இரு பக்கமும் ஒரே அளவு என்பதால் அது நிலைத்திருக்கிறது. கூடங்குளத்து உலைகளைச் சுற்றி வாழும் மீனவக் குடும்பங்களுக்கும் அது ஒரு காப்பு.

பலிக்காதவற்றின் பட்டியலும் நீளம். நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் செத்தது. ரஷ்யா 2023இல் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குத் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. அமெரிக்கா, ரஷ்யா இரண்டின் நெடுந்தூர ஆயுதங்களுக்கு உச்சவரம்பு வைத்த புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 பிப்ரவரியில் முடிந்தது. அமெரிக்கா 67 அணு வெடிப்புகள் நடத்திய மார்ஷல் தீவுகள், 2014இல் ஒன்பது அணு நாடுகள் மீதும் ஹேக் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தன. அதிகார வரம்பை முன்கூட்டி ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மீதான வழக்குகள் மட்டும் விசாரணைக்கு வந்தன. 2016 அக்டோபர் 5 அன்று, தீர்க்க வேண்டிய தகராறு எழவில்லை என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அணு ஆயுதங்களை முற்றாகத் தடை செய்யும் ஒப்பந்தம் 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறி, 2021 ஜனவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அணு ஆயுதம் உள்ள ஒரு நாடும் அதில் இல்லை. 2023இல் இலங்கை அதில் சேர்ந்தது. அதே ஆண்டு சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் தந்தது.

இரு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் நான்கு கூறுகள் தெரிகின்றன. நாள் குறித்த வாக்கு நிறைவேறுகிறது. சோதிக்கும் ஏற்பாடு உள்ள வாக்கு நிலைக்கிறது. தவறினால் இழப்பு உண்டு என்றால் வாக்கு கொடுத்தவர் தயங்குகிறார். கேட்பவர் தாமும் அதைச் செய்தால் கேள்விக்கு வலு கூடுகிறது.

எதிர்வாதம்

சீனாவும் பாகிஸ்தானும் ஆயுதம் வைத்திருக்க, நாம் மட்டும் எப்படி என்ற கேள்வி நியாயமானது. தன் ஆயுதங்களைக் கைவிட்ட உக்ரைனின் கதியைக் காட்டி அதை வலுப்படுத்துவோர் உண்டு. ஆனால் இந்த வாதம் தனியாக ஆயுதம் களைவதற்கு எதிரானது. எல்லோரும் சேர்ந்து, சோதனைக்கு உட்பட்டு, நாள் குறித்துச் செய்வதற்கு அது எதிரானது ஆகாது. ராஜீவ் திட்டம் அப்படிப்பட்டதுதான். அதை மறுபடி எடுக்கலாமா என்று ஆராய மணிசங்கர் ஐயர் தலைமையில் அமைந்த குழு 2011இல் அறிக்கை தந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

ஆயுதம் இருக்கும்வரை அது தவறுதலாகவோ வெறியிலோ வெடிக்கும் வாய்ப்பும் இருக்கும். தெற்காசியாவில் தாக்குதல் ஏவுகணை வந்துசேர ஆகும் நிமிடங்கள் மிகச் சில. இதைப் பாதுகாப்பு என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தியா செய்யக்கூடியவை

முதலில், சோதனை நடத்துவதில்லை என்று 1998 முதல் நாமே சொல்லிவரும் வாக்கை ஒப்பந்தமாக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் நாம் சோதனை நடத்தவில்லை. நடைமுறையில் நாம் ஏற்றுவிட்டதற்குக் கையெழுத்துப் போட்டால், அமெரிக்காவையும் சீனாவையும் ஒப்புதல் தரச் சொல்லும் தகுதி நமக்கு வரும்.

இரண்டாவதாக, முதலில் பயன்படுத்துவதில்லை என்ற நம் கொள்கையை எல்லா அணு நாடுகளும் ஏற்கும் ஒப்பந்தமாக மாற்ற ஒரு மாநாட்டைக் கூட்ட வேண்டும். சீனாவும் இதே கொள்கையைச் சொல்லும் நாடு என்பதால் இரு நாடுகளுக்கும் பொதுத்தளம் உண்டு.

மூன்றாவதாக, 2010 என்று நாள் குறித்த பழைய திட்டத்தைப் புது நாளோடு மறுபடி ஐ.நா.வில் வைக்க வேண்டும். இம்முறை இலங்கையையும் சேர்த்துக்கொண்டு, இந்தியப் பெருங்கடலிலிருந்து தொடங்கலாம்.

நான்காவது நம் மாநிலத்துக்கானது. கூடங்குளத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில், 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் கருத்து மாறுபடலாம். அணு விவகாரத்தில் கேள்வி கேட்டதற்காக உயிர் போகக் கூடாது என்பதில் மாறுபாட்டுக்கு இடமில்லை. தன் கரையோர மக்களின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் அரசால்தான் வல்லரசுகளிடமும் பதில் கேட்க முடியும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளியுறவு விவாதங்களில் இந்த வாக்குறுதிகளைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேள்வி எழுப்ப வேண்டும். பள்ளிப் பாடங்களில் பொக்ரானோடு ராஜாஜியின் வாஷிங்டன் பயணமும் இடம்பெற வேண்டும். வாக்கு கொடுத்த அரசு மறந்துபோகலாம். அதைக் கேட்டு வாங்கிய மக்கள் ஆண்டுதோறும் நினைவூட்டினால், நாள் குறிக்காத வாக்குக்கும் ஒரு நாள் குறிக்க வேண்டிய கட்டாயம் வரும்.